புகை காணாத மொச்சை

சோளக்காட்டுச் சந்தைக்கு மேற்கே, துரைமார் வந்து பார்ப்பதற்கென்று நாலு குடிசை போட்டிருந்தார்கள். உள்ளே யாரும் குடியில்லை. மலை ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டுவதாம். நாங்கள் என்ன செத்தா போய்விட்டோம்?

அதைக் கட்டிய அருணாசலம் கீழ்நாட்டு ஆபீசர். மாசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு மேலே பரணில் இருந்த மொச்சை விதைக் கூடையை அந்தக் குடிசையில் வைத்துக் காட்டக் கேட்டார். விதைப்புக்கு முன்னால் தந்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். நான் முடியாது என்றேன். அது கெட்டுப்போனால் வேறு எங்கும் வாங்க முடியாது; விதைக்கிற காலத்தில் ஒரு வீட்டு விதையை இன்னொரு வீட்டுக்குத் தருகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. என் வீட்டுக்காரர் சின்னுசாமிதான், ஆபீசர் கேட்டு மறுப்பதா என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆடி மழை இறங்கியதும் கூடையை வாங்க அந்தக் குடிசைக்குப் போனேன். சாணி மெழுகிய தரை, பொட்டுக் கரியில்லாத அடுப்பு, மேலே என் கூடை. கூரை பற்றிக்கொள்ளும் என்று ஒருநாள்கூட அடுப்பு மூட்டவில்லையாம். மொச்சை விதைக்குத் தினமும் அடுப்புப் புகை பட வேண்டும். படாவிட்டால் வண்டு விழும். கூடையை இறக்கிக் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் ஓட்டை.

அருணாசலத்திடம் காட்டினேன். கூடை வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அதோடு விட்டாரா? துரை வருகிற நேரம், அடுப்பு முன்னால் குந்து கண்ணாயி, பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். வாய் நிறைய வசவு வந்தது. துரையிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று அடக்கிக்கொண்டு குந்தினேன்.

துரை வந்ததும் அவர் பூட்ஸ் முன்னால் கூடையைக் கவிழ்த்தேன். மாவும் வண்டுமாகக் கொட்டியது.

“இவரு கையில குடுத்து அஞ்சு மாசம் ஆச்சுங்க. எங்கூட்டு விதை இம்புட்டுந்தானுங்க. வேற ஒரு மணி கெடையாது.”

அருணாசலம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து ஒரு பிடி அள்ளி, வண்டை ஊதிவிட்டு, கைக்குட்டையில் முடிந்துகொண்டார். எனக்கு ஒரு கும்பிடும் போட்டார். நான் காணிக்கை வைத்ததாகச் சொல்லியிருக்கிறான், பாவி.

துரை அடுத்த குடிசைக்கு நகர்ந்ததும், மிச்சத்தை அள்ளிப் போட்டுக் கூடையை மேலே வை என்றான் அருணாசலம்.

“நீங்களே வெச்சுக்குங்க. இந்த வருசம் எங்க காடு வெறுங்காடாக் கெடக்கும். தொரையக் கூட்டியாந்து அதையுங் காட்டுங்க.”