தொலோகோன் குளித்த வியாழக்கிழமைகள்

கரா-புலுங் கிராமத்தில் வீடுகளை வீடென்று எண்ணுவதில்லை, புகை என்றுதான் எண்ணுவார்கள். ஊரில் மொத்தம் இருநூற்றுப் பதினாறு புகை. ஒவ்வொரு புகைக்கும் ஒரு தலைவன் பெயர் பேரேட்டில் இருக்கும். கூட்டுப்பண்ணை நடந்த காலத்தில் வந்த வழக்கம் அது. பண்ணை கலைந்து, ஆடுகளும் டிராக்டர்களும் ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிரிந்துபோன பிறகும் பேரேடு மட்டும் பழையபடியே இருந்தது.

பண்ணையிடமிருந்து கிராம அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவற்றில் பொதுக் குளியல் கூடமும் ஒன்று. அங்கேயும் ஒரு புகைக்கு ஒரு பக்கம். வீட்டிலிருந்து யார் வந்து குளித்தாலும், கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாத்மா அந்த வீட்டுத் தலைவன் பெயருக்குக் கீழே, நாளோ ஆளோ குறிக்காமல் ஒரு கோடு இழுத்துவிடுவாள். சனியும் ஞாயிறும் ஆண்களுக்கு. வியாழன் பெண்களுக்கு.

ஜிபார் கிராம அலுவலகத்தில் வரவுசெலவுத் திட்டம் எழுதுபவள். அக்டோபரில் அவளை மாவட்டத் தலைநகருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இனி அரசு செலவழிக்கும் ஒவ்வொரு சோம் பணத்திலும் ஆணுக்கு எவ்வளவு போகிறது, பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று பிரித்துக் காட்டவேண்டும் என்று நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த பெண் சொன்னாள். அவனையும் அவளையும் ஒரே சொல்லால் அழைக்கிற மொழி பேசுகிறவர்களுக்கு இதைப் புரியவைக்க அவளுக்கு முதல் நாள் காலை முழுவதும் பிடித்தது. பின் வரிசைகளில் இருந்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜிபார் மட்டும் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள்.

ஊர்த்தலைவர் கசிமாலிக்கு பாலினத்தைக் குறிக்கும் 'கெண்டர்' என்ற புதுச்சொல் கடைசிவரை வாயில் நுழையவில்லை. கெந்திர் என்றே சொல்லிவந்தார். கெந்திர் என்றால் கஞ்சாச் செடி. நில அளவையாளன் மெதெர்பெக்குக்கு அது போதுமாக இருந்தது.

"அக்கா கெந்திர் படிச்சிட்டு வந்திருக்காங்க. கொஞ்சம் தள்ளியே நில்லுங்க, வாசனை வரும்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜிபாரும் சிரித்தாள். பிறகு மதியம் அவர்கள் வீடுகளுக்குச் சாப்பிடப் போனதும், மேசையிலேயே ரொட்டியைப் பிட்டு ஜாமில் தொட்டுத் தின்றபடி புதிய படிவத்தை விரித்துக்கொண்டாள். மகள் பிஷ்கெக்கில் படிக்கிறாள். வீட்டில் தேநீர் போட்டாலும் ஒரு கோப்பைதான், இங்கே போட்டாலும் ஒரு கோப்பைதான்.

குளியல் கூடத்தின் பேரேட்டை எடுத்து மூன்று பிற்பகல்கள் கோடுகளை எண்ணினாள். பக்கத்தின் தலையில் ஆண் பெயர் இருந்தால் ஆண் பத்தியில். விதவைகளின் பெயர் இருந்தால் பெண் பத்தியில். பேரேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் ஆள். இருபது வருடங்களாக அப்படியே எழுதிப் பழகிய கைக்கு அதில் தவறு எதுவும் தட்டுப்படவில்லை. அட்டவணை அழகாக வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று ஆண், ஏழு பெண். மாவட்டத்திலேயே முதலாவதாக அனுப்பியவள் அவள்தான்.

நவம்பர் கடைசியில், குளியல் கூடத்துக்கு நிலக்கரி பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தது. கசிமாலி அவளைக் கூப்பிட்டு அந்த அட்டவணையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரு நாளைக் குறைத்தாக வேண்டும், வியாழக்கிழமையைக் குறைத்துவிடலாம் என்றார். பெண்கள் அவ்வளவாக வருவதில்லை என்று அவளே கணக்குக் காட்டியிருக்கிறாளே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கோடுகள் பெண்களுடையவை, புகைத் தலைவன் பெயரில் விழுந்தவை என்று தடுமாறிச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா தங்கச்சி? என் வீட்டுக்காரியும்தான் போறா," என்றார் கசிமாலி. "ஆனா மாவட்டத்துக்குக் காகிதம்தான் தெரியும். தப்புன்னா செவ்வாய்க்கிழமை சபையில நீயே சொல்லு. எப்படித் தப்புன்னு ஆதாரத்தோட சொல்லு. எழுதிக்கறேன்."

ஆதாரம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நூற்று நாற்பதாம் பக்கத்தில். தலைவன் பெயர் தொலோகோன். அவள் கணவன். இந்த வருடத்துக் கோடுகள் நாற்பத்தேழு. தொலோகோன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் எட்டு வருடமாகிறது.

போனது ஊருக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் வந்துவிடுவார் என்று எட்டு இலையுதிர்காலங்களாக ஜிபார் சொல்லிவருவதும் தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒரு புகைப்படம். இரண்டு வருடத்துக்கு முன் தொலோகோன் வேறு யாருக்கோ அனுப்பியது தவறி அவள் செல்போனுக்கு வந்தது. ஒரு மேசை, நான்கு மெழுகுவத்தி குத்திய கேக், ஒரு சின்னப் பெண், தோளில் அவன் கை கிடக்க ஒரு பெண். இரண்டு நிமிடத்தில் அவன் அங்கிருந்தே அதை அழித்துவிட்டான். அவள் எதுவும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அவனாக அழைப்பது மெல்லக் குறைந்து நின்றுபோயிற்று.

சொல்லாமல் விட்டுவிடலாம். பித்தளைத் தொட்டியில் வெந்நீர் ஊற்றி அடுப்போரம் வீட்டிலேயே குளித்துக்கொள்ளலாம். ஆனால் வாரத்தில் ஆறு நாள் அவளை யாரும் தொடுவதில்லை. வியாழக்கிழமை மட்டும், ஆவி நிறைந்த அந்த அறையில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் யாராக இருந்தாலும் கேட்காமலே குளியல் நாரை வாங்கி முதுகைத் தேய்த்துவிடுவாள். அங்கே ஆவியில் முகம் தெரியாது. கை மட்டும் தெரியும். அடுத்த வியாழன் வரை அந்தச் சூடு தோளில் தங்கியிருப்பதாக அவளுக்குத் தோன்றும். ஊரில் இப்படி ஆண் இல்லாத புகைகள் எத்தனையோ. அவர்களுக்கெல்லாம் அது என்ன என்று அவள் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை சபைக் கட்டடத்தில் பதினோரு உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜிபார் பேரேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் தொலோகோன் இந்த வருஷம் நாப்பத்தேழு தடவை இங்க குளிச்சிருக்கார்," என்று படித்தாள்.

"சுத்தமான ஆளு," என்றார் மூத்த உறுப்பினர் தொக்தோசுன். சிரிப்பு எழுந்தது.

"அவர் ரஷ்யாவுல இருக்கார் பெரியவரே."

"அதான் வரப்போறான்னு சொன்னியேம்மா. வந்து சேர்ந்துட்டானோன்னு நெனச்சேன்."

மறுபடி சிரிப்பு. அது அடங்கும்வரை அவள் நின்றாள். தன் குரல் வேறு யாரிடமிருந்தோ வருவதுபோல இருந்தது.

"வரமாட்டார். அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்கு. ஒரு பொண்ணும் இருக்கு. இந்த நாப்பத்தேழும் நான் குளிச்சது. ஆண்னு எழுதினது என் தப்பு."

 மெதெர்பெக் எழுந்து போய்க் கணப்பில் கரியைத் தள்ளிவிட்டான். ஒரு பக்கத்தை வைத்து முழுப் பேரேட்டையும் எப்படி மாற்றுவது என்று ஒருவர் இழுத்தார். மற்றதையும் படிக்கட்டும் என்றார்.

ஜிபார் பேரேட்டை மூடினாள்.

"மத்ததை நான் படிக்கமாட்டேன். யாரோட கோடுன்னு உங்களுக்கே தெரியும்."

தொக்தோசுனின் இரண்டு மகன்களும் ரஷ்யாவில், யெகாத்தரின்பூர்க்கில் கட்டட வேலையில் இருந்தார்கள். மருமகள்கள் அவர் வீட்டில் இருந்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வியாழக்கிழமை இருக்கட்டும்," என்றார். "ஞாயித்துக்கிழமையைக் குறைங்க. ஒரு வாரத்துல ரெண்டு நாள் குளிக்கற அளவுக்கு யாருக்கு இங்க அவ்வளவு அழுக்கு?"

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஆறுக்கு ஐந்து.

அந்த வியாழக்கிழமை ஜிபார் போனபோது உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கோபத்தால் அல்ல. பலகையில் அவளுக்கு இடம் விட்டார்கள், ஒருவருக்குப் பதில் மூன்று பேர் உட்காரும் அளவுக்கு. அவளுக்கென்று வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். தொலோகோன் எப்போது வருகிறார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எட்டு வருடமாக எரிச்சலோடு பதில் சொல்லிவந்த அந்தக் கேள்விதான், ஊர் தன்னிடம் பேசுவதற்கென்று வைத்திருந்த ஒரே பேச்சு என்று அவளுக்கு இதுவரை தெரியாது. முதுகைத் தேய்த்துவிட்டவள், நோயாளியைத் தேய்ப்பதுபோல மெதுவாகத் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை கசிமாலி புதிய படிவத்தைக் கொடுத்தார். இனி ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஜிபார் வேண்டுமானால் நூற்று நாற்பதாம் பக்கத்தில் தலைவர் பெயரையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய தலைவருக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவேண்டும், விதி அப்படி என்றார். அலுவலகத் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எல்லோரையும் சாப்பாட்டுக்குக் கிளப்பிக்கொண்டு, கதவை வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

தொலோகோனின் எண் அவளுக்கு மனப்பாடம். நான்காவது மணியில் ஒரு சிறுமி எடுத்தாள். ரஷ்ய மொழியில், அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், போனை மறந்துவிட்டார் என்றாள்.

"நீங்க யாரு?"

"கிராம அலுவலகத்துலேருந்து பேசறேன்," என்றாள் ஜிபார்.

"எந்த கிராமம்?"

கரா-புலுங் என்றாள். சிறுமி சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை, சிரித்துக்கொண்டாள். என்ன சொல்லவேண்டும் என்று கேட்டாள்.

"பேரேட்டுல ஒரு பேரை மாத்தறோம், அவ்வளவுதான். உங்க அப்பா பேரை எடுத்துட்டு வேற பேர்."

"நான் எழுதிக்கறேன். எனக்கு எழுதத் தெரியும். இருங்க."

பென்சில் தேடும் சத்தம், ஏதோ கீழே விழுந்த சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். வேறொரு வீட்டின் சத்தங்கள் எல்லாவற்றையும் ஜிபார் காதை எடுக்காமல் கேட்டாள்.

"சொல்லுங்க."

தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் சிறுமி திருப்பிச் சொல்லி எழுதினாள். கடைசி எழுத்து முடிந்ததும் சற்று யோசித்தாள்.

"இது ஆம்பளைப் பேரா, பொம்பளைப் பேரா?"

"பொம்பளைப் பேர்," என்றாள் ஜிபார்.

"அதையும் எழுதிடறேன்," என்றது அந்தக் குரல்.