பவுல்சாமி உடம்பில் ஏறிய எஞ்சின் சூடு

ராயப்பேட்டை மெக்கானிக் மெஹபூப் அலி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த அன்றிலிருந்து, காரின் சூடு முழுவதும் வண்டிக்காரர் பவுல்சாமியின் உடம்பில் ஏறிக்கொண்டது. எஞ்சின் ஐஸ் மாதிரி கிடந்தது, பவுல்சாமி கொதித்தார். சித்திரை வெயிலில் அடையாறு சிக்னலில் அவருடைய வாடகைக் கார் புகைந்து நின்றதில்தான் இது ஆரம்பித்தது. தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்னக் கதவு. எஞ்சின் போதுமான அளவு சூடானதும் திறந்து, தண்ணீரை ஆற விடும். அது மூடியபடியே சிக்கிக்கொண்டது. புதுசு மாட்ட வேண்டியதுதானே? மாட்ட மாட்டார்கள். இந்த ஊரில் அப்படி ஒரு பழக்கம். "மெட்ராஸ் வெயிலுக்கு இது இன்னாத்துக்கு நைனா? குளுர்ற ஊர்க்காரன் மாட்ற சாமான். கயட்டிட்டேன், ஜம்முனு போய்க்கினே இரு" என்றார் மெஹபூப் அலி. இருப்பதைப் பிடுங்கி எறிவதற்கு இங்கே ரிப்பேர் என்று பெயர்.

முதல் வாரம் துண்டு தீய்ந்தது, பிறகு தலையணை. மனைவி மர்சலின் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டாள். ஆறிப்போன ரசத்தை மட்டும் அவர் கையில் கொடுத்துச் சூடானதும் வாங்கிக்கொள்வாள். மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சின் வார்னிஷ் உருகிப் பக்கத்தில் இருந்தவர்களின் வேட்டியில் ஒட்டியதால், சாமியார் அவருக்குக் கதவோரம் ஒரு கருங்கல்லைப் போட்டுக் கொடுத்தார். டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. டாக்டர் மோர் குடிக்கச் சொன்னார். ஐப்பசி மழையில் தெருக்காரர்கள் பிள்ளைகளின் ஈர யூனிபார்மைக் கொண்டுவந்து அவரைச் சுற்றிக் கொடி கட்டினார்கள். கேட்டுக் கட்டினார்களா? காய்ந்ததும் உருவிக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங்குக்குச் சாக்கு சுற்றி அவர் வண்டி ஓட்டினார். ஏசி போட்டும் வியர்க்கிறது என்று சவாரி வந்தவர்கள் புகார் செய்தார்கள். இப்படியே மூன்று கோடை போனது.

கொட்டிவாக்கத்தில் மகள் சான்ட்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பவுல்சாமி ஓடிப்போய்க் கையை நீட்டினார். சான்ட்ரா குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள். "தொடாதப்பா, கொப்பளிச்சிடும்." ஞானஸ்நானத்துக்குத் தாயைப் பெற்றவன்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போவான், அவர்கள் வீட்டு வழக்கம் அது. அதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். "ஆஸ்டினோட அப்பா தூக்கட்டும். நீ கல்லுல உக்காந்து பாரு." மாப்பிள்ளை ஆஸ்டின் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவுல்சாமி இறங்கிய படிக்கட்டில் சிமெண்டு வெடித்தது.

நேரே மெஹபூப் அலியின் ஷெட்டுக்குப் போனார். "புடுங்கினத மாட்டு, பாய்."

"உன் கோவம் உன் உடம்புல கீது நைனா. அதுக்கு என் ஸ்பானர் இன்னா பண்ணும்?"

"என் பேத்தியத் தொட முடியல, பாய்."

மெஹபூப் அலி போய்ப் புதுசு ஒன்று வாங்கி வந்தார். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அதன் வால்வு திறக்க வேண்டும், அதுதான் சோதனை. அடுப்பு எதற்கு? பவுல்சாமி பக்கெட்டில் கையை விட்டார், தண்ணீர் கொதித்தது. வால்வு அசையவே இல்லை. டூப்ளிகேட். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் சிந்தாதிரிப்பேட்டைக் கடைக்குப் போனார்கள். "நம்ம கடைல டூப்ளிகேட்டே கெடையாது சார்" என்றான் கடைக்காரன். பவுல்சாமி இரண்டு கைகளையும் கல்லாப் பெட்டிமேல் ஊன்றி நின்றார். பெயிண்ட் கொப்பளித்தது, மேலே தொங்கிய ரப்பர் பெல்ட்டுகள் இளகி நீண்டு கடைக்காரன் தலையில் இடித்தன. "யோவ், கைய எடுய்யா! ஒரிஜினல் உள்ள கீது!" உள்ளே இருந்ததாம். சுட்டால்தான் வெளியே வரும்.

இந்த முறை வால்வு திறந்தது. மாட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, சாவியைத் திருப்பியதும் சூடு காட்டும் மீட்டர் முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. மெஹபூப் அலி அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு கீது நைனா!" எஞ்சினை நிறுத்தினார், சூடு திரும்பப் பவுல்சாமிமேலேயே ஏறியது. அத்தனை நாள் குடியிருந்த இடம், லேசில் விடுமா? "எஞ்சின் ஓடினாத்தான் அது அங்க நிக்கும் போல" என்றார் மெஹபூப் அலி. தான் செய்தது தப்பு என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

ஞானஸ்நானத்தன்று மயிலாப்பூர் மாதா கோயில் வாசலில் கார் ஓடியபடி நின்றது. மெஹபூப் அலி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. புகை வருகிறது, வண்டியை நிறுத்து என்று கத்திய, மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம், "நிறுத்துனா உள்ள கொயந்த வெந்துடும், பரவால்லியா?" என்றார். உள்ளே சான்ட்ரா அப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் குழந்தையைக் கொடுத்தாள். தொட்டிக்குப் போகும் வழியிலேயே அது அவர் சட்டையை நனைத்தது. ஈரம் ஈரமாகவே இருந்தது. பவுல்சாமி அதைத் துடைக்கவிடவில்லை.

இப்போது பேத்தி வீட்டுக்கு வந்தால், மர்சலின் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாள். கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் குழந்தை தாத்தாவைப் பார்த்துக் கையைத் தூக்கும்.