கயிறு பிடிக்கும் ஆள்

வானம் வெளுக்கும் முன்பே முதல் பிக்கப் வண்டி கிடங்கு வாசலில் பின்பக்கமாக வந்து நின்றது. அதில் ஆறு இரும்பு டிரம்கள். கழுத்துவரை திரவம். ஒன்றைச் சாய்க்கவே இரண்டு ஆள் வேண்டும். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் காற்று அந்த நேரத்தில் துருவைப்போலத் தொண்டையில் ஒட்டும். உஷா முந்தானையை இழுத்து மூக்கோடு கட்டிக்கொண்டு வண்டியின் மேல் ஏறினாள். மறுபக்கம் ஃபாத்திமா ஏறினாள்.

கீழே ராஜீவும் சாரங்கபாணியும் இரண்டு பலகைகளை வண்டியின் விளிம்பில் சாய்த்துப் போட்டு, அவை நழுவாதபடி அடியில் கல்லை முட்டுக் கொடுத்தார்கள்.

கயிறு இரண்டு. ஒவ்வொன்றின் ஒரு நுனி வண்டியின் தரையில் உள்ள கொக்கியில் கட்டியிருக்கும். மறு நுனி டிரம்முக்கு அடியில் போய், அதைச் சுற்றிக்கொண்டு, மேலே நிற்பவர் கைக்கு வரும். படுக்கவைத்த டிரம்மைப் பலகைமேல் உருட்டிவிட்டால் அது கயிற்றின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். மேலே உள்ள இருவரும் கயிற்றைச் சிறுகச் சிறுக விட வேண்டும்.

"ஆஹிஸ்தா, உஷா. ஆஹிஸ்தா," என்றாள் ஃபாத்திமா.

மெதுவாகத்தான் விட்டாள். டிரம்மைப் பார்க்கக் கூடாது. எதிரே நிற்பவளின் கையைப் பார்க்க வேண்டும். அவள் ஒரு பிடி விட்டால் இவளும் ஒரு பிடி. ஒரு பக்கம் முந்தினால் டிரம் கோணிக்கொள்ளும். அப்போது முந்திய பக்கத்தை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் விட வேண்டும். பேச்சே தேவையில்லை. கை சொல்லும்.

முன்பு இந்த வசதி இல்லை. தரையில் பழைய லாரி டயரைப் போட்டு அதன்மேல் டிரம்மைத் தள்ளிவிடுவார்கள். விழுந்த டிரம் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. சாரங்கபாணியின் இடது கட்டை விரல் அப்படித்தான் தட்டையானது. உஷாவின் இடுப்பு அப்படித்தான் பிசகியது. ஃபாத்திமா இங்கே வருவதற்கு முன் மரக்கடையில் வேலை செய்தவள். அங்கே பெரிய பெரிய தேக்குத் தடிகளை இப்படித்தான் இறக்குவார்கள். ஒருநாள் கயிறோடு வந்தாள். அன்றோடு டயர் மூலைக்குப் போனது.

கூலி வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. அதை நாலாகப் பங்கு போடுவார்கள். மேலே நின்றவர், கீழே தாங்கியவர், காய்ச்சலில் ஓரமாகப் படுத்துவிட்டவர் என்ற பேதம் இல்லை. சுமை இறக்கும் ஹமாலிகள் நடுவில் இது எழுதாத சட்டம்.

வெயில் ஏறியபோது ஸ்ரீனிவாசன் வந்தார். கிடங்கு அவருடையது. அவருடைய அப்பா ஏ.எஸ்.ராவ் நகரில் அரசாங்கத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவர். மகன் மருந்துக் கம்பெனிகளுக்கு ரசாயனம் வாங்கி விற்கிறார். தமிழ் பேசுகிறவர்கள் என்பதற்காகத்தான் இந்த நாலு பேரை வைத்திருப்பதாக எல்லாரிடமும் சொல்வார்.

"வீட்டுல இருந்தே காமிரால பாத்துட்டிருந்தேன். நல்ல ஐடியா. யாரோடது?"

"ஃபாத்திமாக்காது சார்," என்றான் ராஜீவ்.

"வெரி குட்மா. முன்னல்லாம் ஒரு வண்டி காலியாக எவ்வளவு நேரம் ஆகும். இப்ப நான் காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சுடுது."

"முதுகும் பொழச்சுது சார்," என்றார் சாரங்கபாணி.

"அதைத்தான் சொல்ல வர்றேன். வேலை லேசாயிடுச்சு. அப்புறம் நாலு பேர் எதுக்கு?"

ஸ்ரீனிவாசன் வண்டியின் மேலே கையைக் காட்டினார்.

"கீழ இருக்கறவங்க வேலை செய்யறாங்க, தெரியுது. மேல ரெண்டு பேர் சும்மா நிக்கறீங்க. சங்கராந்திக்குப் பட்டம் விடற மாதிரி. ரெண்டு கயித்தையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா ஒரு ஆள் பிடிச்சுக்கலாம்."

"ஆகாது சார்," என்றாள் ஃபாத்திமா. "டிரம்மு ஒரு பக்கம் ஓடும். அந்தப் பக்கம் கயித்த மட்டும் நிறுத்தணும். முடிச்சு போட்டா எப்படி நிறுத்தறது?"

"நிக்கறதுக்கு ஒரு காரணம் சொல்றே."

"நீங்க ஏறி ஒரு தடவ சும்மா நின்னு பாருங்க சார்."

ராஜீவ் சிரித்துவிட்டான். ஸ்ரீனிவாசன் சிரிக்கவில்லை.

"வண்டிக் கூலியைக் கொஞ்சம் குறைப்பேன். ஆனா மூணாப் பிரிச்சா உங்க ஒவ்வொருத்தர் பங்கும் முன்னைவிடக் கூடத்தான் வரும். எனக்கும் மிச்சம். உங்களுக்கும் மிச்சம்."

"அப்போ நான்தான் மிச்சமா சார்?" என்றாள் ஃபாத்திமா.

அவர் மற்ற மூவரையும் பார்த்தார். ஃபாத்திமாவும் பார்த்தாள். சாரங்கபாணி தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். ராஜீவ் பலகையின் முட்டுக்கல்லைக் காலால் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது. உஷா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பத்தாவது முடித்த மகள் ஹர்ஷிதாவை இன்டருக்குச் சேர்க்க வேண்டும். பெரிய பங்கு. வாயைத் திறந்தால் அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்கும். சுருட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

ஃபாத்திமா வண்டியிலிருந்து குதித்தாள்.

"நக்கோ, உஷா. பேச வேணாம். வாய் வலிக்கும்."

மறுநாளே அவளுக்கு எதிர்க் கிடங்கில் வேலை கிடைத்தது. காலி டிரம் கழுவுகிற வேலை. கையுறை கிடையாது. சாலைக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கக் குனிந்தபடி இருப்பாள். உஷா வண்டியின் மேல் நிற்கும்போதெல்லாம் அவளுடைய முதுகு தெரியும். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

*

சில வாரம் கழித்து ஒருநாள். இரவெல்லாம் தூறியிருந்தது. பலகைகள் ஊறிக் கறுத்திருந்தன.

"காயட்டும் சார்," என்று சாரங்கபாணி போனில் சொன்னார்.

"வாசல்ல அஞ்சு வண்டி நிக்குது. அதுவும் காயணுமா?" என்றது போன்.

இரண்டு கயிற்றையும் சேர்த்துப் போட்ட முடிச்சை உஷா தனியாகப் பிடித்தாள். எதிரே பார்ப்பதற்குக் கை இல்லை. டிரம்மைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. முதல் வண்டி இறங்கியது. இரண்டாவது வண்டியில் நாலாவது டிரம் பாதிப் பலகையில் இடப்பக்கம் வழுக்கியது. கோணியது. நிறுத்தினால் இரண்டு கயிறும் நின்றன. விட்டால் இரண்டும் ஓடின. அவள் நிறுத்தினாள். கோணிய டிரம்மின் முனையிலிருந்து ஒரு கயிறு நழுவியது. முழுப் பாரமும் மற்றதில் ஏறியது. கயிறு அவளுடைய உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு போனது.

"தள்ளிப் போ, ராஜீவ்," என்று கத்தினாள்.

அவன் தள்ளிப்போகவில்லை. இறங்குவதைத் தாங்கிப் பழகிய உடம்பு. இரண்டு கைகளையும் நீட்டினான். டிரம் பலகையை விட்டு வெளியே விழுந்து அவனுடைய வலது காலின்மேல் உட்கார்ந்தது.

காய்ந்த குச்சி முறிகிற சத்தம். அதற்கு அப்புறம்தான் அவனுடைய குரல்.

சாலையைத் தாண்டி முதலில் வந்தவள் ஃபாத்திமா. கை இரண்டும் நுரை. அவளும் சாரங்கபாணியும் வண்டி ஓட்டுநரும் சேர்ந்து டிரம்மைப் புரட்டினார்கள். மூடியிலிருந்து திரவம் கசிந்து கண்ணை எரித்தது. ஃபாத்திமா தன் துப்பட்டாவைக் கிழித்து அவனுடைய முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். சாரங்கபாணி அவனை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனார்.

ஸ்ரீனிவாசன் வந்தபோது ரத்தத்தின்மேல் யாரோ மணல் போட்டிருந்தார்கள்.

"எது கொட்டிச்சு? எவ்வளவு போச்சு?" என்றார். பிறகு, "பையன் எப்படி இருக்கான்?"

உஷாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. இப்போதும் உட்காரவில்லை.

"இதப் பாரும்மா. யாராவது கேட்டா, வேலைக்கு வர்ற வழியில பைக்ல இருந்து விழுந்துட்டான்னு சொல்லிடு."

"அவனுக்கு பைக் இல்ல சார்."

"பஸ்ல இருந்து விழுந்தான். ஏதோ ஒண்ணு."

"அவன் வீடு பின்னாடி சந்துல இருக்கு. நடந்து வருவான்."

ஸ்ரீனிவாசன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"கிடங்குல அடிபட்டதுன்னு போனா போலீஸ் வரும். கயித்த விட்டது யாருன்னு கேப்பாங்க. காமிரால மேல நிக்கறது நீ. வேற யாரும் இல்ல. நான் உன்னைக் காப்பாத்தத்தான் பாக்கறேன். நம்ம தமிழாளுன்னு."

அவளுடைய கைகள் எரிந்தன. மடக்க முடியவில்லை. வேற யாரும் இல்ல என்று அவர் சொன்னது உண்மைதான். இல்லாமல் செய்தது யார் என்று காமிராவில் தெரியாது.

"சரி, அது அப்புறம்," என்றார் அவர். "வெளியில வண்டிங்க நிக்குது. இறக்கலைன்னா கம்பெனிக்காரங்க என்னைக் கிழிப்பாங்க. உன் கையில துணியச் சுத்திக்கோ. அந்த ஃபாத்திமாவக் கூப்பிடு. இன்னிக்கு ஒருநாள் ரெண்டு பேருமா மேல நில்லுங்க. கீழ டிரைவர்ங்களப் பிடிச்சுக்கச் சொல்றேன்."

உஷா அவரைப் பார்த்தாள்.

"மேல ரெண்டு பேர் வேணும்னு உங்களுக்குத் தெரியும்."

"என்ன?"

"தெரிஞ்சுதான் எடுத்தீங்க. அவன் காலு போனா பரவால்லன்னு எடுத்தீங்க. இப்ப டிரம்மு போகக் கூடாதுன்னு ரெண்டு பேரக் கூப்பிடறீங்க."

"குரலை உசத்தாதே."

"உசத்தல சார். இவ்வளவு நாள் இந்தக் குரல் எங்க போச்சுன்னுதான் பாக்கறேன்."

*

ஃபாத்திமா வாசலில் மணலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். எதிர்க் கிடங்கிலிருந்து அவளை யாரோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அசையவில்லை.

"மறுபடி உன்னை வேலைக்குக் கூப்பிடறார்," என்றாள் உஷா. "இன்னிக்கு மட்டும்."

"ஹவ், ஆமா, இன்னிக்கு மட்டும். பெரிய பங்கு நல்லா இருந்துச்சா?"

உஷா மணலைப் பார்த்தாள்.

"சொல்லு. அன்னிக்கு நீ வாயத் தொறந்திருந்தா அவன் இப்போ நடந்துட்டிருப்பான்."

"நடந்துட்டிருப்பான்."

"அழுவாத. எனக்கு எரிச்சல் வரும்."

"அழல."

ஃபாத்திமா அவளுடைய கைகளைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் தோல் சுருண்டு கிடந்தது. துப்பட்டாவில் மிச்சமிருந்த துண்டை எடுத்துச் சுற்றினாள். இறுக்கமாகச் சுற்றினாள். வலிக்கட்டும் என்றே சுற்றியதுபோல் இருந்தது.

உஷாவின் கைப்பேசி அடித்தது. ஃபாத்திமாதான் அதை எடுத்து அவளுடைய காதில் வைத்தாள். சாரங்கபாணி.

"முட்டிக்குக் கீழ எலும்பு நொறுங்கிடுச்சாம். காலை வெக்க முடியுமான்னு பாக்கறாங்க. சார் போன் பண்ணார் உஷா. பஸ்ல விழுந்தான்னு சொல்லச் சொன்னார்."

"என்ன சொன்னீங்க அண்ணே?"

"கிடங்குலதான் அடிபட்டதுன்னு சொல்லிட்டேன். ஆள் கொறச்சதால அடிபட்டதுன்னு சொன்னேன். டாக்டரம்மா அப்படியே எழுதிட்டாங்க." அவர் குரல் தணிந்தது. "ஃபாத்திமா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"அவகிட்ட நானே வந்து பேசறேன்."

உஷாவும் ஃபாத்திமாவும் வண்டியிலிருந்து பலகைகளை இறக்கினார்கள். கிடங்கு வாசலுக்குக் குறுக்கே போட்டார்கள். அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

ஸ்ரீனிவாசன் வெளியே வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"வண்டிக்கு நாலு ஆள்," என்றாள் உஷா. "குறையக் கூடாது. ராஜீவ் எழுந்து நடக்கற வரைக்கும் வைத்தியமும் அவன் பங்கும் உங்களோடது. இங்கதான் அடிபட்டான்னு நீங்களே லேபர் ஆபீசுல சொல்லணும். அதுக்கப்புறம்தான் டிரம்மு இறங்கும்."

"உன் கையில கயிறு நழுவினதுக்கு நான் தண்டம் கட்டணுமா?"

"எங்கிட்டக் குடுத்தது கயிறு இல்ல சார். முடிச்சு."

"எழுந்திரு. ஊர்ல ஆளா இல்ல?"

ஆட்கள் இருந்தார்கள். அவர் போன் செய்ததும் கூலியாட்கள் வேலைக்குக் காத்து நிற்கும் அட்டாவிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. நாலு ஆண்கள் இறங்கினார்கள். காலையிலிருந்து நின்றும் வேலை கிடைக்காத முகங்கள். ஸ்ரீனிவாசன் அவர்களிடம் தெலுங்கில் பேசினார். மூணு பேர் போதும் என்றார். வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் பைத்தியங்கள், தாண்டிப் போங்கள் என்றார்.

முன்னால் வந்தவன் பலகையருகே நின்றான். மணலைப் பார்த்தான். மணலின் ஓரத்தில் கறுப்பு ஊறியிருந்தது. உஷாவின் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தான்.

"ஏமைந்தி அக்கா?" என்று நடந்ததைக் கேட்டான்.

உஷா சொன்னாள். பாதி தெலுங்கிலும் பாதி கையாலும். டிரம் எப்படிக் கோணியது என்று காட்டினாள். ராஜீவ் எப்படிக் கைகளை நீட்டினான் என்று காட்டினாள். நாலாவது ஆள் எப்படிப் போனாள் என்று சொல்லும்போது ஃபாத்திமாவைப் பார்க்காமல் சொன்னாள். அப்புறம் பார்த்தாள்.

அவன் கேட்டு முடித்தான். ஸ்ரீனிவாசனிடம் திரும்பி, தங்களில் யாரை விட்டுவிட்டு மூணு பேரை எடுப்பீர்கள் என்று கேட்டான்.

"அது என் இஷ்டம்."

அவன் தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான். ஒருவன் முணுமுணுத்தான். வீட்டில் அரிசி இல்லை என்பதுபோலக் கையை விரித்தான். ஆனாலும் பலகையைத் தாண்டவில்லை. கடைசியில் நாலு பேரும் சுவரோரமாகக் குந்தினார்கள். ஆட்டோக்காரன் யார் பணம் தருவார்கள் என்று கத்தினான். ஸ்ரீனிவாசன் அவனை முறைத்துவிட்டு மறுபடி கைப்பேசியை எடுத்தார்.

வரிசையில் நின்ற முதல் பிக்கப்பின் ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார். காலையில் டிரம்மைப் புரட்ட உதவியவர் அவர். அடுத்த வண்டியும் நின்றது. கடைசி வண்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் இறங்கி, என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தார்.

எதிர்க் கிடங்கின் ஹமாலிகள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து அவர்களுடைய முதலாளி கூப்பிடுவது சாலைவரை கேட்டது. முன்னால் நின்றவள் கல்பகம். சும்மாடு கட்டின தலையோடு அப்படியே நின்றிருந்தாள்.

"உங்க வண்டியில எத்தனை பேரு?" என்று உஷா சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"முன்ன அஞ்சு," என்றாள் கல்பகம். "இப்ப மூணு."

ஒரு தண்ணீர் லாரி நடுவில் போனது. அது போய் முடிந்ததும் அவள் சும்மாட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

உஷா பலகையில் நகர்ந்து இடம் விட்டாள்.