மூன்றாவது பாட்டு

1951 ஆகஸ்ட் 7, செவ்வாய். இன்று செய்த தவறு: பாட்டுப் பட்டியலைச் சுத்தமாகப் பிரதி எடுக்காமல், குறிப்பெடுத்த தாளையே கொடுத்துவிட்டேன். சிறிய தவறுதான் என்று நினைக்கிறேன். நாளை: ஸ்டோரில் பால் வாளிகளின் எண்களைப் புதுப்பிக்க வேண்டும்.

இப்படித்தான் எழுதி முடித்தான் பெரியதம்பி. அன்றன்று செய்த தவறை முதலிலும் மறுநாள் வேலையைக் கடைசியிலும் எழுதவேண்டும் என்பது மாலை வகுப்பு வாத்தியார் முனுசாமியின் கட்டளை. வகுப்பில் இருந்த பதினோரு பேரில் அதை ஒருநாள் விடாமல் செய்தவன் இவன் ஒருவனே. எழுதிய பிறகும் திருப்தி வராது. இதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்து அதைக் கவனிக்காமல் விட்டிருப்போமோ என்று படுத்த பிறகும் யோசித்துக்கொண்டிருப்பான்.

மலாயாவில், புக்கிட் தெம்பாகா ரப்பர் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றையும் பிரித்து, ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. காலையில் போலீஸ்காரர்கள் கேட்டைத் திறந்து, ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துத்தான் பால் வெட்ட அனுப்புவார்கள். தூக்குச்சட்டியில் ஒரு பிடி சோறு இருந்தாலும் பிடுங்கிக்கொள்வார்கள். காட்டில் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்பது சட்டம். மாலை ஆறு மணிக்குக் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டால் நாய்கூட வெளியே போக முடியாது. ஜூன் மாதம் பக்கத்துத் தோட்டத்தில் அரிசி கொடுத்தார்கள் என்று இரண்டு குடும்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகப் பேச்சு.

ஜனங்கள் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்த தோட்ட மேனேஜர் துரை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எடைக் கொட்டகையில் பெரியதம்பி வயலின் வாசிக்கட்டும் என்றார். தோட்டத்தில் வயலின் தெரிந்தவன் அவன் மட்டும்தான். அதுவும் கச்சேரிப் பாடம் அல்ல. 1948இல் அவசரகாலச் சட்டம் வருமுன், ஞாயிறுதோறும் சைக்கிளை மிதித்து மலாக்கா போய், உஜோங் பாசிரில் போர்த்துகீசிய மீனவர்கள் கல்யாணங்களில் வாசிக்கும் ஆட்டப் பாட்டுகளை வேடிக்கை பார்த்தே பிடித்துக்கொண்டது. சினிமாப் பாட்டுகளைத் தஞ்சோங் கிளிங் காப்பிக்கடை ரிக்கார்டில் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டான்.

கூட்டம் போட போலீஸ் அனுமதி வேண்டும். என்னென்ன பாட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வயலினில் ஏது சொல், ஏது அர்த்தம் என்று ஆபீஸ் கணக்கர் கிராணி கேட்டதற்கு, பாட்டைக் கேட்பவர்கள் வாயில் சொல் இருக்கிறதே என்று பதில் வந்ததாம்.

பெரியதம்பி ஒவ்வொரு லயமாகப் போய் விருப்பம் கேட்டான். ஒரு லயத்துக்கு இரண்டு பாட்டு கிடைத்து இன்னொன்றுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் குழாயடியில் மூன்று நாள் சண்டை நடக்கும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் கேட்டவர் பெயரையும் லய எண்ணையும் எழுதினான். தன் ஒழுங்கைப் பார்த்துத் தானே மகிழ்ந்தான். அந்தத் தாள்தான் அப்படியே கேட்டடியில் இருந்த போலீஸ் சாவடிக்குப் போனது.

புதன்கிழமை மதியம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மலாக்காவிலிருந்து வந்திருந்த துப்பறியும் போலீஸ்காரர் தங்கையா மேசைமேல் தாளை விரித்து வைத்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

“இது யாரு இருசம்மா?”

அப்போதுதான் பெரியதம்பிக்குத் தான் செய்தது என்னவென்று புரிந்தது. மூன்றாவது பாட்டு, காட்டில் ஒளிந்திருக்கும் காதலனுக்கு மண்கலயத்தில் கஞ்சி கொண்டுபோகும் பெண்ணின் பாட்டு. நாலு வருஷத்துக்கு முந்தைய சினிமாவில் வந்தது. அர்த்தம் என்ற இடத்தில் அவன் ஒளிவுமறைவில்லாமல் அதையே எழுதியிருந்தான். எதிரே, இருசம்மாள், நாலாம் லயம். அவள் மகன் சுப்பன் இரண்டு வருஷத்துக்கு முன் சிகாமட் பக்கம் வேலைக்கென்று போனவன். ஒரு கடிதம் இல்லை. காட்டுக்குப் போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள், செத்துவிட்டான் என்று சிலர். இருசம்மாள் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. பாட்டு என்ன வேண்டும் என்று கேட்டபோது மட்டும், குளிக்கும்போது சுப்பன் சீட்டியடிக்கும் பாட்டு இது என்று சொல்லியிருந்தாள்.

அந்தப் பாட்டு தானே சேர்த்தது, பெயர் மாறி விழுந்துவிட்டது என்று பெரியதம்பி தடுமாறினான். பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகவும் சொன்னான். தங்கையா சிரித்தார்.

“எடுக்காதலா. மூணாவதா அதையே வாசி. நான் அந்தப் பொம்பளைக்கு நேரா உக்காந்திருப்பேன். அவ அழுதான்னா மவன் நெனப்பு இருக்கு. நெனப்பு இருந்தா அரிசியும் போகும்.”

“எந்தத் தாயும் அழுவாளே, சார்.”

“அப்ப தடுப்புக் கேம்ப்ல வச்சு விசாரிப்போம். நீ முன்கூட்டியே போய்ச் சொல்லிட்டேன்னு வையி, அவ மூஞ்சே எனக்குச் சொல்லிரும். அப்பறம் ரெண்டு பேரும் ஒரே லாரிதான்.”

வெளியே வந்தவனுக்கு வேலிக்குள் நடக்கும் தூரமும் குறைந்துபோனது போல இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் இருபது அடியில் கம்பி. இருசம்மாளிடம் சொல்லலாம். சொன்னால் அவளுக்கு மறைக்கத் தெரியாது. பாலில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று ஒருமுறை கங்காணி திட்டியபோதுகூட, தப்பு செய்யாதவளே செய்தவள்போல நடுங்கியவள் அவள். வராதே என்று தடுத்தால், பாட்டைக் கேட்டவளே ஏன் வரவில்லை என்பார்கள். தனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் தாள் மட்டும் அவர்களிடம் இருக்கும். அவன் கையெழுத்தில், அவள் பெயரோடு.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஸ்டோரில் எடை எழுதியபடியே இடது கை விரல்களால் மேசை விளிம்பில் அந்தப் பாட்டை அழுத்திப் பார்த்தான். மெதுவான பாட்டு. ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஒரு இழுப்பு வரும். அழவைப்பதே அந்த இழுப்புதான். அதை வெட்டிவிட்டால்? சனிக்கிழமை அவன் விரல் தானாகவே வேகம் எடுத்தது. உஜோங் பாசிர் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் குதிக்கும் தாளத்தில் அதே சுரங்களை ஓட்டிப் பார்த்தான். கலயத்தைத் தூக்கிக்கொண்டு அழுதபடி நடந்த பெண், பாவாடையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் வேறு வழி அகப்படவில்லை.

ஞாயிறு நாலு மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. இருசம்மாள் தலைவாரி, வெள்ளைப் புடவை கட்டி, முன்வரிசையில் அண்டைவீட்டுக் குஞ்சம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில், துரைக்குப் போட்ட நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் தங்கையா. முதலில் முருகன் பாட்டு, அடுத்து ஒரு வேடிக்கைப் பாட்டு. மூன்றாவதற்கு வில்லைத் தூக்கும்போது இருசம்மாள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டதைப் பார்த்தான். வெகுநாளாகக் காத்திருந்த ஒருத்தி உட்காரும் விதம் அது.

வில்லை இழுக்காமல் வெட்டி வெட்டி ஆரம்பித்தான்.

முதல் இரண்டு அடிகளுக்கு யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மூன்றாவது அடியில் பின்னால் இருந்த இளவட்டங்கள் கண்டுகொண்டு கொல்லென்று சிரித்தார்கள். ஒருவன் எழுந்து இடுப்பை ஆட்டினான். கைதட்டு கொட்டகைத் தகரத்தில் மோதியது. குஞ்சம்மா இருசம்மாளின் தோளை இடித்தாள்.

“ஒம்ம பாட்டுதான் அக்கா, எந்திரிச்சு ஒரு ஆட்டம் போடுங்களேன்.”

இருசம்மாள் எழவில்லை, அழவுமில்லை. கோத்திருந்த கைகளைப் பிரித்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சோற்றில் யாரோ மண்ணைப் போட்டதுபோல அவன் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையாவின் பூட்ஸ் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பெரியதம்பி நிறுத்தாமல் இரண்டு தடவை முழுவதும் வாசித்தான். அதன்பின் வாசித்த ஐந்து பாட்டுகளில் எதை எப்படி வாசித்தான் என்பது அவனுக்கு நினைவில்லை.

கூட்டம் கலையும்போது அவள் நேரே அவனிடம் வந்தாள். தங்கையா நாலடி தள்ளித்தான் நின்றார்.

“அந்தப் பாட்டு ஒனக்கு வராதுன்னா வராதுன்னு சொல்லியிருக்கலாமே, தம்பி.”

“வேகமா வாசிச்சா ஜனங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன், பெரியம்மா.”

“பிடிச்சுச்சு. எல்லாம் சிரிச்சாங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “இனிமே பாட்டுக் கேட்டு எங்க வாசல்ல வந்து நிக்காத.”

சரி என்று தலையாட்டினான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் நாலடி தள்ளி இருக்கும் காதுக்குப் போய்விடும். அவள் நாலாம் லயத்துப் பக்கம் திரும்பி நடந்தாள். கண் துடைக்கக் கை மேலே போகவில்லை. போகவில்லை என்பதைத் தங்கையாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“கல்லு மாதிரி இருக்கா. மவன் செத்திருப்பான்லா, அதான் விட்டுட்டா,” என்றபடி தங்கையா பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இப்போதைக்கு நாலாம் லயத்தைத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை என்றும் சொன்னார். பெரியதம்பிக்கு அப்போதுதான் மூச்சு இறங்கியது. அது முழுவதும் இறங்குமுன் அவர் அவன் தோளில் கை போட்டார்.

“ஆனா இந்த முறை நல்ல முறை. வீடு வீடா போயி என்ன பாட்டு வேணும்னு கேட்டா, எங்கள மாதிரி மாத்தாகிட்ட சொல்லாததெல்லாம் ஒங்கிட்ட சொல்றாங்க. கோலா சுங்கை பாரு பக்கம் நாலு தோட்டம் இருக்கு.”

ஸ்டோர் வேலை இருக்கிறது, எடை எழுத வேறு ஆள் இல்லை, மாலை வகுப்பு தவறிவிடும் என்று பெரியதம்பி ஒவ்வொன்றாகச் சொன்னான். துரையிடம் அப்போதே பேசி முடித்தாகிவிட்டது என்றார் தங்கையா. கேட்பவர் பெயர், லய எண், இந்தத் தாளில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்றார். வேண்டாம் என்றால் நாலாம் லயத்து விஷயத்தை மறுபடி பார்க்கவேண்டி வரும் என்பதையும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டும் சங்கிலிச் சத்தம் கேட்டது. பெரியதம்பி நோட்டைத் திறந்து தேதி போட்டான். இன்று செய்த தவறு என்று எழுதிவிட்டு, பாட்டைக் கெடுத்ததை எழுதுவதா, பெயர்களை எழுதியதை எழுதுவதா, தலையாட்டிவிட்டு வந்ததை எழுதுவதா என்று பென்சிலைப் பிடித்தபடி இருந்தான். இந்த நோட்டை நாளை யாராவது கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

நாளை: காலை ஏழு மணிக்கு வயலினோடு கேட்டில் நிற்க வேண்டும். லாரி வரும். கோடு போட்ட தாள் பத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.