பாலத்துக்கு அப்பால் இருந்த ராஜா

ஒக்பூன் சித்தி ஆட்டத்துக்குள் வராமல் ரொம்ப நாளாகிவிட்டது.

கொரியாவின் மொக்போ ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் பி.சி.பாங் என்ற கணினி விளையாட்டுக் கடையின் முதலாளி அவர்; அங்கே வரும் பையன்களுக்கெல்லாம் சித்தி. கியூஹோவும் நண்பர்களும் வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்து ஆடுவது ஒரே ஆன்லைன் ஆட்டம்தான். அதற்குப் புது ஆள் வருவது அபூர்வம். பழைய ஆட்களைத் 'தேங்கின தண்ணி' என்று ஊரே கேலி செய்யும். அதனால்தான், "நீங்க சிரிக்கிறதப் பாத்தா எனக்கும் ஆசையா இருக்குடா, என்னையும் சேத்துக்கங்க" என்று சித்தி கேட்ட அன்று எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு கியூஹோவுக்கு வந்தது. புதியவர்களிடம் எரிந்து விழாதவன் என்று அவனுக்குப் பேர். அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. முதல் நாளே கவசம், வாள், குதிரை எல்லாம் வாங்கிக் கொடுத்தான்.

"அந்தக் குகைக்குள்ள போகாதீங்க சித்தி, ஒண்ணுமில்ல."

"இடது பக்கம் ஓநாய் வரும், நான் பாத்துக்கறேன்."

"கிழவன் பேசறத எல்லாம் படிக்க வேணாம், தாண்டி வாங்க."

சித்தி வாளை ஓங்குமுன் ஓநாய் செத்துக் கிடக்கும். அவர் "நன்றி" என்று எழுதுவார். பிறகு அதையும் எழுதவில்லை, வரவுமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ராம்யன் நூடுல்ஸ் சொல்லப் போன கியூஹோ கல்லாவில் இருந்த கணினியைப் பார்த்துவிட்டான். ஆட்டத்துக்குள் கந்தல் உடுத்திய ஒருத்தி, கையில் ஒரு தடி, பாலத்தின் முன்னால் விழுந்து கிடந்தாள். சித்தி சட்டென்று திரையைக் கையால் மறைத்தார். அம்மா வயசுக்காரி தன்னைக் கண்டு ஒளிக்கிறாள் என்பதே அவனுக்குச் சுருக்கென்றது.

"யாரு சித்தி அது?"

"நான்தான். வேற சர்வர்ல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடா."

"எங்ககூட ஆடப் பிடிக்கலையா?"

"தங்கமான பசங்கதான் நீங்க. ஆனா உங்ககூட வந்தா நான் வெறும் மூட்டை. நேத்து ஒரு ஓநாய நானே அடிச்சேன் தெரியுமா? நான் கத்தின கத்துல ரெண்டாவது வரிசைப் பையன் ஹெட்போனக் கழட்டிட்டான்!"

பின்னாலிருந்து நண்பன் தேசொக் குரல் கொடுத்தான்: "ஓநாய விடுங்க சித்தி, இவன் அன்பாலயே எத்தன பேரக் கொன்னிருக்கான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கியூஹோவால் முடியவில்லை. முன்பு அவன் கவனித்துக்கொண்ட குவாங்ஜு ஊர் மாணவி, மருந்துக்கடைத் தம்பதி, இன்னும் எத்தனையோ பேர் நன்றி சொல்லிவிட்டு மறைந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும், "இப்ப வர்றவங்களுக்குப் பொறுமையே இல்ல" என்று சொன்னவன் அவன்தான்.

"மன்னிச்சுடுங்க சித்தி" என்றான்.

"அட, விடு. நின்னு பாரு. ஆனா வாயத் திறக்கக் கூடாது. பாலத்துக்கு அப்பால இருக்கற கோட்டைல ராஜா இருக்காராம். அவரு பொண்ணு உயிரோட இருக்கான்னு நான்தான் போய்ச் சொல்லணும்."

சித்தி மறுபடி கிளம்பினார். பாலத்துப் பூதம் கதாயுதத்தை ஓங்கியது. கியூஹோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கந்தல்காரி தப்பான பக்கம் ஓடினாள், குனிந்தாள், உருண்டாள். எப்படியோ பூதம் கால் இடறிப் பள்ளத்தில் விழுந்தது. சித்தி வீலென்று கத்தி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் பார்த்ததில்லை.

"பிரமாதம் சித்தி! உள்ள போனதும் சிம்மாசனத்துக்குப் பின்னால பாருங்க, ராஜாவோட எலும்புக்கூடு—"

சொன்ன பிறகுதான் தன் வார்த்தையே அவன் காதில் விழுந்தது. சித்தியின் கை அவன் கையிலிருந்து மெல்ல நழுவியது.

"ஓ," என்றார். "செத்துட்டாரா."

திரையில் கந்தல்காரி கோட்டைக் கதவின் முன்னால் அசையாமல் நின்றாள். சித்தி எழுந்து, சுவரில் மாட்டியிருந்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"ராம்யன்ல முட்ட போடட்டுமா?"

அவர் குரலில் கோபமே இல்லை. கியூஹோ தலையை மட்டும் ஆட்டினான்; காது நுனிவரை கொதித்தது.