ஒரு வாய் ஊற்றுத் தண்ணீர்

1

இந்தக் கதை நான் தேடிப்போய்ப் பிடித்ததல்ல. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டது.

திருக்கோகர்ணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் வாத்தியார். பெயர் ஆத்மநாதன். அங்கே பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைப்பவர் பெரியநாயகியம்மா. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கிறிஸ்தவர்தான். அவர்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு மாதா இருக்கிறாள். இந்த வருடம், அதாவது 1965-இல், அவர்களின் நோன்புக் காலமான தபசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவருக்குக் காப்பி நீட்டினேன். ஒருசந்தி என்று மறுத்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு டம்ளர் காப்பிக்கா உங்க சாமி கோவிச்சுக்கப் போகுது?" என்று கேட்டுவைத்தேன்.

கரண்டியை அண்டாவிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"காப்பி கெடக்கட்டும் சார். ஒரு வாய்த் தண்ணிக்கு நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா?"

சொன்னார். உப்புமா அடிபிடிக்கிற வரைக்கும் சொன்னார். கடைசியை மட்டும் சொல்லவில்லை. எனக்கோ சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. இருந்தும் அன்றிலிருந்து ராத்தூக்கம் போய்விட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*1952. புதுக்கோட்டைச் சீமையில் வானம் பொய்த்து, பூமி பாளம் பாளமாக*

(அடித்துவிட்டேன். பஞ்சத்தை எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் பூமி பாளம் பாளமாகத்தான் வெடிக்கிறது.)

பிறகு இப்படி:

*நிறைமாதக் கர்ப்பிணியான பெரியநாயகி, இடுப்பில் குடத்தோடு*

இதை அவரிடமே படித்துக்காட்டினேன். சிரித்த சிரிப்பில் முந்தானை வாய்க்குப் போய்விட்டது.

"இல்லாத புள்ளைய என் வயித்துல எதுக்கு வாத்தியாரே வக்கிறீங்க? இருக்கிற ரெண்டு போதாதா?"

"படிக்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும்னு..."

"நான் நின்ன நெலைக்கே பாவமா இல்லாதவன், புள்ள இருந்தா மட்டும் அழுதுருவானாக்கும்!"

ஆகவே கர்ப்பம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். (ஒன்று மட்டும்: கதைக்குள் அவரை 'அவள்' என்று எழுதப்போகிறேன். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. எதிரில் நின்று அப்படிக் கூப்பிட எனக்கு நாக்கு வராது.)

3

கீரனூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். பெயரை எழுதக்கூடாது என்று உத்தரவு. ஓட்டுக் கூரை போட்ட ஒரு கோயில். தினமும் செபம் சொல்லிக்கொடுக்க மரியசெல்வம் என்ற உபதேசியார் இருந்தார். பூசை வைக்கும் சாமியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

அந்த வருடம் கிணறுகளெல்லாம் வற்றி, கண்மாயும் காய்ந்து, பெண்கள் கண்மாய்க்குள் குழி தோண்டி ஊற்றில் சுரக்கிற தண்ணீரை அகப்பையால் மொண்டு வந்தார்கள். கெட்ட தண்ணீர் குடித்து ஊரில் வாந்திபேதி வந்தது. பெரியநாயகியின் புருசன் அடைக்கலம் அதில் போனான்.

போகும்போது தண்ணீர் கேட்டான். வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். பெரியவர்கள் சொம்பைத் தூக்கி மறைத்து வைத்துவிட்டார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டானாம். அவளும் கொடுக்கவில்லை.

(இந்தப் பத்தியை அழகாக எழுத மூன்று முறை முயன்றேன். அழகாக வர வர எனக்கே அசிங்கமாக இருந்தது. இப்படியே இருக்கட்டும்.)

செத்தவர்கள் பாவக்கறை தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படுவார்கள், நாம் அவர்களுக்காகப் பூசையில் நன்மை வாங்கி ஒப்புக்கொடுத்தால் வேதனை குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அடைக்கலம் அங்கேயும் தாகத்தோடு கிடக்கிறான் என்று அவள் நினைத்தாள். அடுத்த மாதம் அவனுக்காக ஒரு பூசை. அதில் அவள் நன்மை வாங்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

குறிப்பு: நன்மை என்பது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம். அவர்களுக்கு அது வெறும் அப்பமல்ல, ஆண்டவரே. அதை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து எதுவும் உண்ணக்கூடாது. பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. தெரியாமல் பட்டால் பாவமில்லை, ஆனாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி.

4

பூசையன்று விடியலில் ஊற்றுக்குப் போனாள். கூட அவள் ஓரகத்தி சந்தனம். அகப்பையால் முதல் தண்ணீரை மொண்டாள்.

ஊற்று தோண்டும் ஊர்களில் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குடத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். ஓர் ஊற்று இன்றைக்கு இனிக்கும், நாளைக்கே உவர்க்கும். உவரை வீட்டுக்குச் சுமந்து போக முடியுமா? மாதக்கணக்காகத் தினமும் செய்தது. கை தானாக வாய்க்குப் போனது.

தொண்டையில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.

அகப்பையைப் போட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். துப்பிப் பார்த்தாள். எச்சில்கூட வரவில்லை.

"அடியே, ஒரு வாய்தானே," என்றாள் சந்தனம். "துப்பிட்டேன்னு நெனச்சுக்க. இங்கிட்டு நம்ம ரெண்டு பேரத் தவிர எவ இருக்கா? நான் செத்தாலும் சொல்லமாட்டேன்."

"நீ சொல்லமாட்ட. நான் வாங்குறது யாரைன்னு எனக்குத் தெரியும்ல?"

5

விடிகாலையில் வரவேண்டிய சாமியாரின் சைக்கிள் வழியில் டயர் வெடித்துப் படுத்துவிட்டது. உருட்டிக்கொண்டே நடந்து வந்தார். சேரும்போது உச்சிவெயில். பூசை முடிகிற வரை அவருக்கும் தண்ணீர் கிடையாது.

அத்தனை நேரமும் ஊரே கோயிலுக்குள் உட்கார்ந்து செபமாலை சொன்னது. நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை வராதவர்கள் உதட்டை அசைத்தார்கள். கிழவர் ஒருவர் மயங்கி விழுந்தார். உபதேசியார் தண்ணீர் கொண்டுவந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டார். இவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. ஊரில் சோறில்லை, தண்ணீர் இல்லை, செத்தவர்களுக்கு அழக் கண்ணீரும் மிச்சமில்லை; அப்படிப்பட்டவர்கள் தங்களிடம் இருந்த தாகத்தையே காணிக்கையாக வைத்துவிட்டார்கள். என் அவநம்பிக்கைக்காக நான் இதுவரை ஒரு வேளை காப்பியைக்கூட விட்டதில்லை.

ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. அவளுக்குத்தான் நோன்பு முறிந்துபோயிற்றே, அதற்குமேல் எவ்வளவு குடித்தாலும் ஒன்றுதானே? நிறைகுடம் வீட்டில் இருந்தது. ஏன் குடிக்கவில்லை?

கேட்டேன்.

"எல்லாரும் காஞ்சு கெடக்கையில நான் மட்டும் போயிக் குடிக்கவா? நல்லாக் கேட்டீங்க போங்க."

6

பூசை நடந்தது. நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. பீடத்துக்கு முன்னாலிருந்த கம்பித் தடுப்புக்கு இந்தப்பக்கம் பெண்கள் வரிசையாக முழங்காலிட்டார்கள். அவள் கடைசியில் முழங்காலிட்டாள். கால் தானாகப் போனது என்றார். அதற்குமேல் காரணம் அவருக்கும் தெரியவில்லை.

சாமியார் ஒவ்வொருவராக வந்தார். உபதேசியார் தாடைக்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். சந்தனத்துக்குக் கொடுத்தாயிற்று. அடுத்து இவள். அப்பம் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. நாக்கை நீட்டினால் போதும். அடைக்கலத்தின் தாகம் தீரும்.

"சாமி, விடியக்காலம் ஊத்துல ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டேன்," என்றாள்.

சாமியார் கை அப்படியே நின்றது. குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

இங்கே நிறுத்திவிட்டார் பெரியநாயகியம்மா. என்ன சொன்னார், என்ன செய்தார் என்று நானும் விதவிதமாகக் கேட்டுப் பார்த்தேன். உபதேசியார் காலமாகிவிட்டார். சாமியார் மாற்றலாகி எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. பஸ் ஏறிப்போய்ச் சந்தனத்தைக் கேட்டேன்.

"கண்ண மூடியிருந்தேன் தம்பி. நன்மை வாங்குற நேரத்துல ஊரா வாயப் பாக்குற புத்தி எனக்கில்ல," என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

7

வேறு வழி? நானே முடிவுகளைச் செய்தேன். செய்து அவரிடம் படித்துக்காட்டினேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

முதல் முடிவு. *"மகளே, உன் தாகத்தை ஆண்டவர் அறிவார்" என்று சொல்லிச் சாமியார் கண்ணீரோடு*

"நிறுத்துங்க சார். அவரு என்ன நாடகத்துலயா நடிக்கிறாரு? அவரே நாக்கு வறண்டு சைக்கிள உருட்டிட்டு வந்த மனுசன். அவருக்குக் கண்ணீரு எங்கிட்டிருந்து வரும்?"

இரண்டாம் முடிவு. *அந்தக் கணத்தில் ஓட்டுக் கூரைமேல் முதல் துளி*

"அந்த வருசம் மழையே இல்ல."

மூன்றாம் முடிவு. *சாமியார் தலையை அசைத்துவிட்டு நகர்ந்தார். அவள் வெறும் வாயோடு எழுந்து தன் இடத்துக்கு*

இதைக் கேட்டதும் கல் பொறுக்கும் விரல்கள் நின்றன. மேலே படிக்காமல் தாளை மடித்துவிட்டேன்.

8

இரண்டு நாள் கழித்து அவராகவே ஆரம்பித்தார்.

"இன்னொண்ணு நடந்துச்சு சார். மறுவருசம் ஒரு பூசையில சாமியார் வாசிச்சாக. ரோமாபுரியில உத்தரவாயிருக்காம். தண்ணி குடிச்சாலும் இனிமே நன்மைக்குத் தடையில்லையாம். கோயில்ல இருந்த அம்புட்டுப் பேரும் திரும்பி என்னையப் பாத்தாக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்து தொலைஞ்சிருக்கக் கூடாதா அந்த உத்தரவு? உங்களுக்கு வயிறு எரியலையாம்மா?"

"எரியாம? வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். அழுது முடிச்சப்பறம் தோணுச்சு, இனி எவளும் அந்தக் கம்பிகிட்ட வந்து நெஞ்சு காஞ்சு அப்புடிச் சொல்ல வேண்டியதில்லல்ல? நல்லதுதானேன்னு இருந்துச்சு. மறு ஞாயித்துக்கெழம செபத்துக்கு மொத ஆளாப் போயி ஒக்காந்தேன்."

இந்த மனுஷியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று அந்த நிமிடம் தோன்றியது. ஆனால் எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது? கேட்டேவிட்டேன்.

"கடைசியா ஒண்ணு. அன்னிக்கு வாங்கினீங்களா, இல்லையா?"

அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தார். வெந்துவிட்டிருந்தது.

"அந்த நன்மை எனக்கா சார்? எங்க வீட்டுக்காரருக்கு. போயிச் சேந்துச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியும். நீங்க போயி மணியடிங்க, புள்ளைங்க பசியோட நிக்கிதுக."

மணியடித்தேன். முடிவு வேண்டும் என்கிறவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுதியதை அவரிடம் போய்ப் படித்துக்காட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தைரியமில்லை.