கப்கேக் தடைச் சுற்றறிக்கையை எழுதியவன்

1

உலக மக்கள் அனைவரும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவிப்பு இது: எங்கள் ஊர்ப் பள்ளியின் நான்காம் வகுப்பில் இனிப் பிறந்தநாளுக்குக் கப்கேக் கிடையாது. பென்சில் மட்டுமே வழங்கலாம்.

இந்த வாக்கியத்தை எழுதியவன் நான். மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்களை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்துவிடலாம். சுற்றறிக்கையோ இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போனது. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்ட என் ஒரே படைப்பு அதுதான்.

அதன் கடைசி வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அதையும் அப்படியே தருகிறேன்: ‘இம்முடிவு, பதினான்காம் அறையில் பயிலும், நீரிழிவு உள்ள ஒரு மாணவியின் நலன் கருதி எடுக்கப்பட்டது. தனியுரிமை கருதி அவர் பெயர் வெளியிடப்படவில்லை.’

பதினான்காம் அறையில் மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். நீரிழிவு உள்ளவள் ஒருத்தி.

தனியுரிமையை எவ்வளவு அழகாகக் காத்திருக்கிறேன் பாருங்கள்.

2

கதையை எப்படித் தொடங்குவது? முதல் முயற்சி:

‘வடக்கு மினசோட்டாவின் வெண்பனிப் போர்வைக்குள் ஒரு சின்னஞ்சிறு மலர் தன் சோகத்தைச் சுமந்துகொண்டு...’

[வேண்டாம். அவளுக்குப் பத்து வயது, முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, ஐஸ் ஹாக்கியில் எதிரணிப் பிள்ளைகளைச் சுவரோடு சேர்த்து மோதுகிறவள். மலர் என்று சொன்னால் என்னையும் மோதுவாள்.]

இரண்டாம் முயற்சி:

‘பிள்ளைகளின் உடல்நலப் பழக்கங்களைக் குடும்பமும் நண்பர்களும் பள்ளியும் சேர்ந்தே வடிவமைக்கின்றன என்பது யாவரும் அறிந்ததே.’

[இது எங்கள் மாணவர் நலவாழ்வுக் குழுத் தலைவர் டாக்டர் பிக்ஸ்பியின் வாக்கியம். ஒவ்வொரு கூட்டத்தையும் இதைச் சொல்லித்தான் தொடங்குவார். அவர் வைத்தியர் அல்ல. பற்பசை விளம்பரத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். வாக்கியம் என்னவோ உண்மைதான். அவர் வாயில் மாட்டிக்கொண்டது அதன் தலையெழுத்து.]

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் பெயர் மாரென் டோஃப்டே. ஏழு வயதில் அவள் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் விரல் நுனியில் ஒரு குத்து. கருவியில் வரும் எண்ணைப் பார்த்து, சாப்பிடப்போவதைக் கணக்கிட்டு, வயிற்றில் ஓர் ஊசி. பள்ளியில் மதியம் இதை நர்ஸ் ஹாகன் அறையில் செய்ய வேண்டும். பிறந்தநாள் கேக் வந்தாலும் இதே முறையில் அவளும் சாப்பிடலாம். மருத்துவர் சொல்லியிருக்கிறார், நர்ஸ் சொல்லியிருக்கிறார், அவள் அப்பா எழுதியே கொடுத்திருக்கிறார்.

குழு அதைப் படிக்கவில்லை. குழு ஆறு மாதம் கூடியது, ஐந்து நிறக் காய்கறிச் சுவரொட்டி ஒன்றை அச்சடித்தது, கப்கேக்கைத் தடைசெய்தது. நான் குழுவின் செயலாளர். எழுதத் தெரிந்தவன் என்று தேர்ந்தெடுத்தார்கள். மறுத்திருக்கலாம். அறிக்கையின் மேலட்டையில் என் பெயர் வரும் என்றார்கள்.

3

இனிமேல் ஒரு வில்லி தேவை. பிரென்னா என்று பெயர் வைக்கிறேன். தடை வந்த பிறகு முதலில் வரும் பிறந்தநாள் அவளுடையது. பத்து வயது, கூர்மையான நாக்கு.

மதிய உணவு வரிசை. கையில் தட்டோடு பிரென்னா திரும்பிப் பார்க்கிறாள்.

“மாரென், உனக்கு எந்தக் கலர் பென்சில் பிடிக்கும்? என் பர்த்டேக்கு இருபத்திரண்டு பென்சில் தரப்போறேன். மெழுகுவத்தியக் கூட பென்சில் மேலயே ஒட்டி ஊதிக்கலாம்.”

“நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே.”

“நீ சொல்லலம்மா. உன் கணையம் கூட்டம் போட்டுச் சொல்லிருச்சு.”

வரிசை முழுக்கச் சிரிப்பு. எண்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையை விட்டு விலகி நர்ஸ் அறைக்குப் போக வேண்டியவள் மாரென் மட்டும்தான். அன்று அவள் விலகவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து தட்டை நிரப்பிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

(இங்கே ஒரு தகவல். நர்ஸ் ஹாகனுக்கு இரண்டு பள்ளிகள். செவ்வாயும் வியாழனும் அவர் இன்னொரு பள்ளியில் இருப்பார். அந்த நாள்களில் அலுவலகப் பெண்மணி பார்த்துக்கொள்வார். “ஊசி போட்டாச்சாடா கண்ணு?” என்று கேட்பார். “ஆச்சு” என்றால் நம்புவார்.)

இரண்டு செவ்வாய், ஒரு வியாழன் ஊசி போடாமலே “ஆச்சு” என்றாள். அடுத்த வியாழன் பின்மதியம் கணக்குப் பாடத்தில் தண்ணீர், தண்ணீர் என்று குடித்துத் தீர்த்து, மேசைமேல் வாந்தி எடுத்தாள். குத்திப் பார்த்தபோது எண் முந்நூற்று எண்பது. சாப்பாட்டுக்கு முன் நூற்று முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டிய எண் அது. அப்பா வந்து அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் இப்படியே போயிருந்தால் இந்தக் கதையை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

4

பிரென்னாவைப் பற்றி எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பத்து வயதுப் பிள்ளை ‘உன் கணையம் கூட்டம் போட்டது’ என்று பேசுமா? வாசகர்கள் நம்ப மாட்டார்கள். இது யாரோ பெரியவன் செதுக்கிய வாக்கியம். சாப்பாட்டு மேசையில், தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக்கொண்டு, குழுவை நக்கல் செய்வதாக நினைத்துக்கொண்டு, “ஒரு கணையத்துக்காக ஊரே கூட்டம் போடுது” என்று சொல்லியிருப்பான். எதிரே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மகள் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருப்பாள்.

[பிரென்னா என்று யாரும் கிடையாது. மேலே அந்தப் பெயர் வரும் இடங்களில் யாமினி என்று படித்துக்கொள்ளவும். யாமினி என் மகள். அடித்துத் திருத்தியிருக்கலாம், திருத்தாமல் விடுகிறேன்.]

ஆறு மாதம் குழுவில் உட்கார்ந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று குறிப்பெடுத்தவன் நான். கீரை, நடை, பல் விளக்குவது என்றெல்லாம் எழுதினேன். நக்கல் என்று எழுதத் தோன்றவில்லை.

மாரெனை மருத்துவமனையில் சேர்த்த அன்று சாயங்காலம் யாமினி என் அறை வாசலில் வந்து நின்றாள். “அப்பா, மாரென் செத்துருவாளா?” என்றாள். அதுவரை அவள் நாக்கு என்னிடமிருந்து போன சொத்து என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

5

இப்போது நான் கதை எழுதுவதை நிறுத்திவிட்டு நடந்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நானும் யாமினியும் டோஃப்டே வீட்டுக்குப் போனோம். மாரெனின் அப்பா ஆர்லென் மாவட்டத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்கு மாலை ஷிஃப்ட். நான் ஒரு மன்னிப்புரை தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். நல்ல உரை, மூன்று பத்தி. “ஒரு செயலாளராகவும் ஒரு தந்தையாகவும்...” என்று ஆரம்பித்தேன்.

“ஷூவ கழட்டுங்க எழுத்தாளரே, தரையெல்லாம் ஈரமாகுது,” என்றார் ஆர்லென். “சாப்பாடு ரெடி. கை கழுவிட்டு வாங்க.”

மேசையில் மாட்டிறைச்சி மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பரப்பிச் சுட்ட ஹாட்டிஷ். ஆளுக்குப் பத்து உருண்டை, எண்ணி வைத்தார். மாரெனுக்கும் பத்து, அவருக்கும் பத்து, பத்துக்கு மேல் கண் போன எனக்கும் பத்து. பிறகு கருவியை நடுவில் வைத்தார்.

“ம், சொல்லுங்க. இப்ப இவளுக்கு எவ்ளோ இருக்கும்? ரொம்பத் தள்ளிச் சொல்றவங்க பாத்திரம் கழுவணும்.”

“நூத்தி அறுபது,” என்றாள் மாரென்.

“நூத்தி முப்பது,” என்றார் ஆர்லென்.

யாமினி அவள் முகத்தையே பார்த்தாள். “நூத்தி... எண்பது?”

என் முறை. நலவாழ்வுக் குழுவின் செயலாளர், பதினோரு கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எழுதியவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “இருபத்தஞ்சு.”

ஆர்லென் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“இருபத்தஞ்சுன்னா,” என்றார் ஆர்லென் மெதுவாக, “இவ இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டா. ஆம்புலன்ஸ்ல இருப்பா.”

எண் நூற்று ஐம்பத்தெட்டு. அடுத்து ஆர்லென் தனக்கென்று வைத்திருக்கும் வேறு ஊசியை எடுத்துத் தன் விரலைக் குத்திக்கொண்டார். அவருக்கு எந்த நோயும் இல்லை. மூன்று வருடமாக, ஒவ்வொரு ராச்சாப்பாட்டுக்கும், மகள் குத்திக்கொண்டால் அவரும் குத்திக்கொள்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“இவ மட்டும் குத்திக்கிட்டா அது வியாதி. ரெண்டு பேரும் குத்திக்கிட்டா அது விளையாட்டு,” என்றார். “எங்க ரெண்டு பேருக்கும் பாத்திரம் கழுவப் பிடிக்காது, அதான்.”

இதைத்தான் நாங்கள் ஆறு மாதம் தேடினோம். குழுவில் இதற்கு ஒரு தலைப்பு வைத்து நாற்பது பக்க அறிக்கை எழுதலாம். ஆர்லென் அதை ஒரு எண்ணிலும் கழுவ வேண்டிய நாலு பாத்திரத்திலும் முடித்துவிட்டார். கிண்டல் செய்ய ஏதாவது கிடைக்குமா என்று அந்த வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். திரைச்சீலை கொஞ்சம் மோசம். அவ்வளவுதான்.

யாமினி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சாரி மாரென். அந்தக் கணைய ஜோக்...”

“ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் அன்னிக்கு சிரிக்க வரல.”

“அது என்னோடது இல்ல. அப்பாவோடது.”

மாரென் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லவேளை, அவரே தோத்துட்டாரு.”

கழுவினேன். ஹாட்டிஷ் தட்டில் ஒட்டிக்கொண்ட பாலாடைக்கட்டி லேசில் போகாது.

6

திங்கட்கிழமை மதியம் வரிசையில் யாமினி கேட்டாள்: “இன்னிக்கு எவ்ளோ? நான் நூத்தி நாப்பதுங்கறேன்.”

“நம்பர நான்தான் சொல்லுவேன். வேற யாரும் சொல்லக் கூடாது,” என்றாள் மாரென்.

“ஓகே.”

“தோத்தா என் தட்டையும் நீதான் கொண்டுபோய் வைக்கணும்.”

ஒரு வாரத்தில் நர்ஸ் அறை வாசலில் ஒன்பது பேர். நர்ஸ் ஹாகன் கதவைத் திறந்து, “என்ன இது, ஹாக்கி மேட்சுக்கு டிக்கெட்டா குடுக்கறேன்?” என்று விரட்டினார். பிறகு மாரெனைத் தனியே உள்ளே அழைத்து, உனக்கு இது சரியா, சங்கடம் என்றால் இப்போதே நிறுத்திவிடுகிறேன் என்று கேட்டார். (எங்கள் பதினோரு கூட்டங்களிலும் யாருக்கும் உதிக்காத கேள்வி.)

“இருக்கட்டும் மிஸ். எல்லாரும் ரொம்ப மோசமா கெஸ் பண்றாங்க. ஜாலியா இருக்கு.”

செவ்வாய்க்கிழமை வந்தது. நர்ஸ் இல்லை. மாரென் “ஆச்சு” என்று சொல்லவும் முடியாது. வாசலில் ஒன்பது பேர் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அவள் மேல் கருணை எதுவும் இல்லை. தட்டு தூக்குவது யார் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஊசியும் தவறவில்லை. அந்த ஒன்பது பேரில் ஒருத்தி, மூச்சிரைப்புக்காரி, இத்தனை நாள் பையின் அடியில் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த இன்ஹேலரை ஒருநாள் எல்லார் முன்னாலும் எடுத்து இழுத்தாள். சுவரொட்டியில் உள்ள ஐந்து நிறக் காய்கறிகளும் சாட்சி.

டாக்டர் பிக்ஸ்பி வந்து பார்த்தார். தனியுரிமை, முறைமை, துணைக்குழு என்று மூன்று சொற்களைச் சொன்னார்.

“நீங்களும் ஒண்ணு சொல்லுங்க சார்,” என்றாள் மாரென்.

“எதைச் சொல்ல?”

“என் நம்பர்.”

அவர் யோசித்தார். “எழுநூறு?”

வாசலில் எழுந்த சிரிப்பு உணவுக்கூடம் வரை கேட்டதாம். துணைக்குழு இதுவரை கூடவில்லை.

7

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) குழு தன் தவற்றை உணர்ந்து சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுகிறது. [குழுக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இதை எடுப்பவர்கள் மற்ற கதைகளுக்குப் போகலாம்.]

(ஆ) மாரென் வளர்ந்து மருத்துவராகி ... [மன்னிக்கவும்.]

(இ) இரண்டு வருடத்தில் அவள் நடுநிலைப் பள்ளிக்குப் போவாள். அங்கே அறுநூறு பிள்ளைகள். அந்த ஒன்பது பேரும் வேறு வேறு வகுப்புகளில். வரிசையிலிருந்து தனியாக விலகி நடக்க வேண்டிய முதல் மதியம், அவள் விலகுவாளா? எனக்குத் தெரியாது. இதை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள், எழுதும்போது அவள் பின்னால் யாரையாவது ஒருவரை நிற்க வையுங்கள். அந்த ஒருவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்தது யாமினியின் பிறந்தநாள் வரைதான். சுற்றறிக்கையை வரி வரியாகப் படித்த நர்ஸ் ஹாகன், தடை வகுப்பறைக்குத்தான், தாழ்வாரத்துக்கு இல்லை என்று கண்டுபிடித்தார். எழுதியவன் அவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறான். பனி கொட்டிய வெள்ளிக்கிழமை மதியம் நர்ஸ் அறைக்கு வெளியே, சுவரோரமாக, இருபத்திரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். எல்லார் மடியிலும் கப்கேக், யாரும் தொடவில்லை. மாரெனின் எண் வர வேண்டும். வந்தது: நூற்று இருபத்தொன்று. யாமினி நூற்று இருபது சொல்லியிருந்தாள். தாழ்வாரம் அதிர்ந்தது. நானும் கத்தினேன், மறைப்பானேன்.

நர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கப்கேக்குக்கு எவ்வளவு இன்சுலின் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

“கப்கேக் வேணாம் மிஸ். உப்பு பிஸ்கட், ப்ரெட்ஸெல் ஏதாவது இருக்கா?”

“ஏம்மா?”

மாரெனுக்குக் கப்கேக் பிடிக்காதாம்.